தலையில் அடிபட்டு ரத்தம் வந்தால்: தையல் வேண்டுமா, வீட்டிலேயே ஆறிவிடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலுக்கு அடியில் உருண்டுபோன கோலிக்குண்டைப் பொறுக்கக் குனிந்த என் மகன், நிமிர்ந்த வேகத்தில், திறந்து கிடந்த ஜன்னல் கதவின் மூலையில் மண்டையை இடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு ஆறு வயது. அழுதுகொண்டே உள்ளே வந்தபோது நெற்றி, மூக்கு, பனியன் எங்கும் ரத்தம். மாமியார் காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். கணவர் வண்டிச் சாவியைத் தேடினார்; அது அவர் கையிலேயே இருந்தது. நான் ஒரு துண்டை எடுத்து அழுத்தினேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. ரத்தம் நின்ற பிறகு கழுவிப் பார்த்தால், வெட்டு ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. தையல் இல்லாமலே ஆறிவிட்டது.

அதே ஆண்டில் மாமனாருக்கு நடந்தது வேறு கதை. பின்கட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். விபூதியை வைத்துக்கொண்டு மாலையில் கோயிலுக்குப் போய்விட்டார், நாங்களும் மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து, செருப்பு மாட்ட ஒரு காலைத் தூக்கும்போதெல்லாம் தடுமாறினார். பேச்சில் ஒரு மந்தம். வயதாகிறது என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோது, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருந்தது தெரிந்தது. இதய நோய்க்காக அவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அறுவை சிகிச்சை செய்து ரத்தத்தை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், செருப்பும் தானே மாட்டிக்கொள்கிறார்.

தனிக்குடித்தனம் போனவர்கள், முதல் பிள்ளை இப்போதுதான் நடக்கத் தொடங்கிய வீட்டுக்காரர்கள், வயதானவர்களைப் புதிதாகத் தங்களோடு வைத்துக்கொண்டவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" கேள்வியே தவறு. தலைக்காயத்தில் ரத்தத்தின் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். ஒன்று, மண்டை ஓட்டுக்கு உள்ளே ஏதாவது ஆகியிருக்குமா? இரண்டு, வெளியே இருக்கிற வெட்டு தானாக மூடிக்கொள்ளுமா? இரண்டையும் கலக்காமல், இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும்.

ஏன் இத்தனை ரத்தம்?

உச்சந்தலைத் தோலுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். நெற்றிப் பக்கம், காதுக்கு முன்னும் பின்னும், பிடரி என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ரத்தக்குழாய்கள் ஏறி வந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் அறுந்த சிறு குழாய்கள் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், ரத்தம் சீக்கிரம் நிற்கும். தலையில் அந்தக் குழாய்களைச் சுற்றியிருக்கும் நார்த்திசு அவற்றைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் அறுபட்ட வாய் திறந்தே இருக்கும். கோழி கொத்திய அளவுக்குச் சின்ன வெட்டானாலும் சட்டை நனைவது இதனால்தான். வியர்வையும் கண்ணீரும் கலந்து ஓடும்போது பார்க்கிறவர்களுக்கு அது இரட்டிப்பாகத் தெரியும்.

இந்த ரத்த ஓட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. தலைக்காயம் சீக்கிரம் ஆறும், உடம்பின் மற்ற இடங்களைவிடச் சீழ் பிடிப்பது குறைவு.

முதல் பத்து நிமிடம்

உட்கார வையுங்கள். தலை சுற்றுகிறது என்றால் படுக்க வைக்கலாம். துவைத்து மடித்த துண்டு, வேட்டிக் கிழிசல், கைக்குட்டை என்று சுத்தமான துணி எது கிடைத்தாலும் சரி, அதை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் பயனில்லை; சப்பாத்தி மாவை அமுக்குகிற அளவுக்கு அழுத்தம் வேண்டும்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். முழுதாகப் பத்து நிமிடம். எல்லோரும் தவறுவது இங்கேதான். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கி "நின்றுவிட்டதா?" என்று பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தக்கட்டி துணியோடு பிய்ந்து வந்துவிடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்துவிட்டால் எடுக்காதீர்கள், அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரம்போல இருந்தது. மகனிடம் அவன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அவன் அழுகை அடங்கியது. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று எனக்கும் தெரிந்தது.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லையா? இன்னும் ஐந்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். அப்போதும் வடிந்துகொண்டே இருந்தால், அல்லது தொடக்கத்திலிருந்தே துடிதுடித்துப் பீறிட்டால், மேலே யோசிக்க வேண்டியதில்லை. அழுத்திய கையை எடுக்காமலே கிளம்புங்கள்.

அழுத்தக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. காயத்துக்கு அடியில் எலும்பு பள்ளமாக இருக்கிறது, நொறுங்கியதுபோலத் தட்டுப்படுகிறது, அல்லது கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நிற்கிறது என்றால் அதன் மேல் அழுத்தாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். சுற்றிலும் துணியை அணைத்து வைத்து 108-ஐ அழையுங்கள்.

காயத்தைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்

ரத்தம் நின்றதும் எல்லோரும் தலைமுடியை விலக்கி வெட்டை ஆராய்வார்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அடிபட்ட நேரத்தில், ஒரு விநாடியானாலும், நினைவு தப்பியதா? என்ன நடந்தது என்று சொல்லத் தெரிகிறதா, அல்லது கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? வலிப்பு வந்ததா? பேச்சு குழறுகிறதா? ஒரு கையோ காலோ மரத்து, பலமிழந்து இருக்கிறதா? பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? கருவிழிக்கு நடுவே இருக்கும் பாப்பா ஒரு கண்ணில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருக்கிறதா? காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல நிறமற்ற திரவம் சொட்டுகிறதா, காதுக்குள்ளிருந்து ரத்தம் வருகிறதா? கழுத்து வலிக்கிறது, திருப்ப முடியவில்லை என்கிறாரா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் காயம் எவ்வளவு சிறிது என்ற பேச்சே இல்லை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. கழுத்து வலி இருந்தால் அசைக்காமல், தூக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே வைத்திருங்கள்.

வாந்தியைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. குழந்தைகள் ஏங்கி ஏங்கி அழுதாலே ஒரு தடவை வாந்தி எடுப்பார்கள். அது மட்டும் என்றால், பிள்ளை மற்றபடி தெளிவாக இருந்தால், கண்ணில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது தடவை எடுத்தால் கிளம்புங்கள். பெரியவர்களுக்கும் அப்படியே. தலைவலி ஓரளவு இருப்பது இயல்பு. அது நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவது இயல்பு அல்ல.

இன்னும் சிலருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. யார் யார் என்று சொல்கிறேன்.

ஒரு வயது நிரம்பாத குழந்தை. அதற்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது, உச்சிக்குழியும் இன்னும் மூடியிருக்காது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வயதாக ஆக மூளை சற்றே சுருங்குவதால், உறைக்கும் மூளைக்கும் இடையே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். சின்ன இடியிலும் அவை கசியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரல் போன்றவை. மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், பெயரைச் சொல்லித் தடுமாற வேண்டாம். பிறகு குடித்திருப்பவர். அவர் உளறுவது குடியாலா அடியாலா என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று போர்த்திப் படுக்க வைத்து, காலையில் எழுப்ப முடியாமல் போன வீடுகள் உண்டு.

எப்படி அடிபட்டது என்பதும் முக்கியம். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 3 அடிக்கு மேல், அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் 5 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தால் மருத்துவர்கள் அதைக் கனமான அடியாகவே எடுத்துக்கொள்வார்கள். கட்டிலிலிருந்து உருண்டு விழுவது வேறு, மொட்டைமாடிப் படியில் உருள்வது வேறு. தென்னை மட்டை விழுந்தது, கிரிக்கெட் பந்து பட்டது, இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்தது எல்லாம் "சின்னக் காயம்" என்ற கணக்கில் சேராது, தோலில் கீறல் மட்டுமே தெரிந்தாலும் சரி.

ஒரு கூடுதல் எச்சரிக்கை. மண்டை ஓட்டுக்கு உள்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் கிழிந்தால், சிலர் அடிபட்டதும் மயங்கி, பிறகு தெளிந்து, ஓரிரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சரிவார்கள். அந்த இடைவேளையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆகவே மயங்கி எழுந்தவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது வெட்டைப் பாருங்கள்

முதல் கேள்வியில் தேறிவிட்டால் பாதி பயம் போயிற்று. பிள்ளையை வெளிச்சம் வரும் திண்ணையிலோ குழல்விளக்குக்குக் கீழேயோ உட்கார வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். குழாயிலோ குவளையிலோ சுத்தமான தண்ணீரை மெல்லிய தாரையாகக் காயத்தின் மேல் ஊற்றிக் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவும் போதும். டெட்டாலை அப்படியே ஊற்றுவது, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்து, ஆற வேண்டிய சதையையும் பொசுக்கும். உறைந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினால் மறுபடி ஒழுகும். முடியில் ஒட்டியதை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போதும். முடியை மழிக்க வேண்டாம், குறிப்பாகப் புருவத்தை ஒருபோதும் மழிக்கக் கூடாது.

முடியை இரண்டு பக்கமும் வகிடு எடுப்பதுபோல விலக்கிப் பிடியுங்கள். ஒரு இடத்தில் வெட்டைக் கண்டுவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள், தலை முழுவதும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அடர்ந்த முடிக்குள் இரண்டாவது வெட்டு ஒளிந்திருக்கும்.

வெட்டின் இரண்டு கரையும் தாமாகவே சேர்ந்து நிற்கின்றனவா, அல்லது வாயைப் பிளந்துகொண்டிருக்கிறதா? தையல் வேண்டுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய அளவுகோல் இதுதான். கழுவி, லேசாக ஒற்றிய பிறகும் பிளந்து நின்றால், உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதாவது தெரிந்தால், தையல் தேவை. நீளத்துக்கு ஒரு ரூபாய் நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். வெட்டு அதில் பாதிக்கு மேல் நீளமாக இருந்தால் காட்டிவிடுங்கள். பாதிக்குக் குறைவு, மேலோட்டமானது, கரைகள் சேர்ந்திருக்கின்றன, ரத்தம் நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே ஆறும்.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், தலைத்தோலுக்கு அடியில் கெட்டிச் சவ்வு ஒன்று மண்டையைத் தொப்பிபோல மூடியிருக்கிறது. அது கிழிந்தால்தான் காயம் வாயைப் பெரிதாகப் பிளக்கும். அதற்குக் கீழே இருப்பது தளர்வான ஓர் அடுக்கு. அங்கே கிருமி நுழைந்தால் தலை முழுவதும் பரவ வழியுண்டு. எனவே பிளந்த காயத்தை "தானே மூடிக்கொள்ளும்" என்று விட்டுவைப்பது தழும்பைப் பற்றிய பிரச்சினை மட்டும் அல்ல.

முகத்துக்கு விதி இன்னும் கடுமையானது. நெற்றி, புருவம், கன்னம் ஆகியவற்றில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பிளந்த வெட்டு, இமையின் ஓரம், உதட்டின் விளிம்பு, காது மடல் ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யாதீர்கள். தலையில் தழும்பு விழுந்தால் முடி மறைத்துவிடும். முகத்தில் விழுந்தால் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் தெரியும்.

அளவு எதுவானாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டியவை இரண்டு. கண்ணாடி உடைந்தோ, சரளைக் கல்லில் உரசியோ உள்ளே துகள் தங்கியிருக்கும் காயம் ஒன்று. நாய், பூனை, குரங்கு கடித்தோ பிறாண்டியோ வந்த காயம் மற்றொன்று. விலங்குக் கடியில் தலையும் முகமும் மிக ஆபத்தான இடங்கள், மூளைக்கு அருகில் இருப்பவை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே, அப்போதே போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். அது இருக்கும் மருத்துவமனையா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

காப்பித்தூளைப் பற்றி, மாமியாருக்கு மன்னிப்புடன்

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், சிலந்தி வலை, பற்பசை. இவற்றில் ஒன்றையாவது வைத்துப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. காப்பித்தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கெட்டியாகி நிறுத்துவதுபோலத்தான் தெரியும். ஆனால் நிறுத்தியது அதை வைத்து அழுத்திய கை. தூள் வெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரியில் தையல் போடும் முன் அந்தத் தூளை எடுப்பதற்கே நர்ஸ் பஞ்சாலும் உப்புநீராலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். தையலைவிட அதற்குத்தான் பிள்ளை அதிகம் கத்தும். மாமியார் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. டப்பாவை மட்டும் திரும்ப அடுப்படியில் வைத்துவிட்டார்.

வெட்டு இல்லாமல் நெற்றி புடைத்துக்கொண்டால் அதை உள்ளங்கையால் தேய்த்து அமுக்கி "உள்ளே தள்ளுகிற" வழக்கமும் உண்டு. புடைப்பு என்பது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். தேய்த்தால் இன்னும் கசியும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு பத்து நிமிடம் ஒற்றுங்கள். நெற்றிப் புடைப்பு மறுநாள் கீழிறங்கி இமை கறுப்பது சாதாரணம். கண்ணில் அடியே படாமல் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால், அல்லது காதுக்குப் பின்னால் கன்றிப்போனால், அது மண்டை ஓட்டில் விரிசல் விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்கு நெற்றி தவிர்த்த இடத்தில், பக்கவாட்டிலோ பின்னாலோ, பொதபொதவென்று வீக்கம் வந்தாலும் அப்படியே.

எங்கே போவது, எவ்வளவு அவசரம்?

முதல் கேள்வியில் ஏதாவது சிக்கியிருந்தால், ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் இருக்கும் சின்ன கிளினிக்கில் இறங்கி, அங்கே அரை மணி நேரம் காத்து, அவர்கள் மேலே அனுப்ப, மறுபடி வண்டி தேடுவது வீண் அலைச்சல்.

வெறும் தையலுக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையமோ, அருகிலுள்ள மருத்துவரோ போதும். தையலை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. தலையிலும் முகத்திலும் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சற்றுத் தாமதமானாலும், ஒரு நாள் வரைகூட, மருத்துவர்கள் பார்த்துப் போடுவதுண்டு. இரவு 11 மணிக்கு அடிபட்டு, ரத்தம் நின்று, ஆள் தெளிவாக இருந்தால், ஈரத்துணியை மேலே வைத்துக் கட்டிவிட்டு விடியற்காலையில் போகலாம். மழையில் இருட்டில் வண்டி ஓட்டிப் போய் இன்னொரு தலைக்காயத்தை வாங்கிவர வேண்டியதில்லை.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பிள்ளையிடம் முன்பே சொல்லிவைக்கலாம். கழுவுவார்கள். மரத்துப்போக ஓர் ஊசி போடுவார்கள், சுருக்கென்று எரிவது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நூலோ, தலைக்கென்றால் ஸ்டேப்ளரோ. சின்ன வெட்டு என்றால் தோலை ஒட்டும் பசை. தலைமுடி நீளமாக இருந்தால், வெட்டின் இரு பக்கத்து முடிக்கற்றைகளையும் முறுக்கிச் சேர்த்து, ஒரு சொட்டுப் பசை வைத்து மூடும் முறையும் இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவர்கள் அதைத் தையலோடு ஒப்பிட்டு 2002இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஊசியும் இல்லை, பிரிக்க வேண்டிய வேலையும் இல்லை. வீட்டில் ஃபெவிகுவிக்கை வைத்து அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவரை நெருக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையா என்று யோசித்துத்தான் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மூளை தெரியாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடவும் முடியாது.

எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், சில சமயம் பதிவேட்டில் எழுதுவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். யாரோ அடித்து வந்த காயத்தை "படியில் தவறி விழுந்தேன்" என்று மறைக்கும் பெண்கள் நம்மிடையே நிறைய. எதனால் அடிபட்டது, எவ்வளவு வேகத்தில் என்பது சிகிச்சைக்கே தேவைப்படும் தகவல். வெளியே பேச விரும்பினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

டி.டி. ஊசி

காயம் என்றாலே "டி.டி. போட்டாச்சா?" என்பது நம் ஊரில் குசலம் விசாரிப்பதுபோல ஆகிவிட்டது. அது ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான ஊசி. ரணஜன்னிக் கிருமி துருவில் இருக்கிறது என்பது பாதிக் கதை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. துருப்பிடித்த கம்பி பெரும்பாலும் மண்ணில் கிடப்பதால் அந்தப் பெயர் வந்தது. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்றரை வயதை ஒட்டியும், 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் அரசு அட்டவணைப்படி இந்தத் தடுப்பூசி சேர்ந்தே வருகிறது. அட்டையில் எல்லாம் டிக் ஆகியிருந்தால் சுத்தமான சின்னக் காயத்துக்குத் தனியாக ஊசி தேவையில்லை. பெரியவர்களுக்குச் சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளலாம். மண், சாணம் பட்ட ஆழமான காயம் என்றால் ஐந்து ஆண்டுகள்தான் கணக்கு. எப்போது போட்டோம் என்றே நினைவில்லாதவர்கள் (நம்மில் பெரும்பாலோர்) ஒரு நாள் தள்ளாமல் போட்டுக்கொள்வது நல்லது. இப்போது அரசு நிலையங்களில் போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து உள்ள ஊசி. பெயர் மாறியிருந்தாலும் கேட்கும்போது டி.டி. என்றால் எல்லோருக்கும் புரியும்.

வீட்டில் வைத்துக்கொண்டால்

முதல் இரண்டு நாள் தனியாக விடாதீர்கள். தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்று சொல்வார்கள். என் மகனை மதியம் தூங்கவிடாமல் வைத்திருக்க உறவினர்கள் தொலைபேசியிலேயே பாடுபட்டார்கள். அழுது களைத்த பிள்ளை தூங்குவதில் தவறில்லை. பார்க்க வேண்டியது, எழுப்பினால் எழுந்திருக்கிறானா, எழுந்தவன் உங்களை அடையாளம் கண்டு சிணுங்குகிறானா என்பதை. முதல் இரவில் ஓரிரு தடவை எழுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். "போம்மா" என்று திரும்பிப் படுத்தால் நல்ல அறிகுறி. எழுப்ப முடியவில்லை என்றால் 108.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஒரு தடவைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லாமல். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அந்த வாரம் கால்பந்து, சைக்கிள், மல்லுக்கட்டு எதுவும் வேண்டாம்.

முடிக்குள் இருக்கும் காயத்தில் பேண்ட்-எய்ட் ஒட்டாது, ஒட்டினாலும் பிரிக்கும்போது முடியோடு வரும். திறந்தே விட்டுவிடலாம். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, இரண்டாம் மூன்றாம் நாளில் வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ காட்ட வேண்டும். வயதானவர்கள் விஷயத்தில் மட்டும் கண்காணிப்பு இரண்டு நாளில் முடிந்துவிடாது. நாள்காட்டியில் அடிபட்ட தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த ஆறு வாரங்களில் நடை தடுமாறினால், தலைவலி நீடித்தால், குணம் மாறினால், "வயசு" என்று சொல்வதற்கு முன் அந்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தையல் போட்டு வந்தால் முதல் நாள் நனைக்காதீர்கள். ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றி மென்மையாக அலசலாம், ஷாம்பு சிறிதளவு சேரலாம், தேய்க்கக் கூடாது. முகத்துத் தையலை மூன்று முதல் ஐந்து நாளிலும், தலைத் தையலை ஏழு முதல் பத்து நாளிலும் பிரிப்பார்கள். ஸ்டேப்ளர் பின்களை எடுப்பதற்கு அதற்கென்று ஒரு கருவி உண்டு. கேட்காமலே வீட்டில் இடுக்கியோடு வருகிற மாமாக்களைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது காயம் முழுதாக ஆறி, பொருக்கு தானாக உதிர்ந்த பிறகுதான். அது தீபாவளி வாரமாக இருந்தால் உச்சியில் எண்ணெய் வைக்காமல், காதோரம் ஒரு சொட்டுத் தொட்டு வைத்துச் சாத்திரத்தை முடித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.